கவுண்டருக்கு முன்னால் ஒரு விலை, பின்னால் ஒரு விலை



2020 ஏப்ரல் 24. கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு வியாபார நிறுவனங்களின் பணத் தகராறு ஒன்று விசாரணைக்கு வந்தது. ஒரு நிறுவனம் சீனாவிலிருந்து ரேபிட் ஆன்டிபாடி சோதனைக் கிட்டுகளை இறக்குமதி செய்தது. இன்னொன்று அவற்றை வாங்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்கு விற்றது. யாருக்கு யார் எவ்வளவு பாக்கி, மீதிக் கிட்டுகளை யார் விற்கலாம் என்பதுதான் வழக்கு. நோயாளிகள் யாரும் அதில் கட்சிக்காரர் இல்லை. ஆனால் வாதப் பிரதிவாதத்தின் நடுவே ஒரு கணக்கு வெளியே வந்து விழுந்தது. ஒரு கிட்டின் விலை 225 ரூபாய். சரக்குக் கூலி 20 ரூபாய். ஆக 245 ரூபாய் அடக்கத்தில் இந்தியாவில் வந்து இறங்கிய கிட், ஐ.சி.எம்.ஆருக்கு 600 ரூபாய்க்குப் போயிருந்தது.

நீதிபதி நஜ்மி வஜீரி இரு தரப்பையும் கேட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. உட்பட 400 ரூபாய்க்கு மேல் இந்தக் கிட்டை விற்கக் கூடாது என்றார். 245 ரூபாய் அடக்கத்துக்கு மேல் 155 ரூபாய் கிடைப்பதே தாராளமான லாபம் என்பது அவர் கண்ட முடிவு. பெருந்தொற்றின் உச்சப் பதற்றத்தில், ஒரு சோதனைப் பொருளின் உண்மை விலை இந்திய மக்களுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். அரசு அறிவித்துத் தெரியவில்லை. வியாபாரிகள் இருவர் சண்டை போட்டுக்கொண்டதால் தெரிந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பே தமிழ்நாட்டில் கிட் விலை பற்றிய கேள்வி எழுந்திருந்தது. சத்தீஸ்கரின் அன்றைய சுகாதார அமைச்சர் டி.எஸ். சிங் தேவ், தென்கொரிய நிறுவனம் ஒன்றின் 75,000 ரேபிட் கிட்டுகளைத் தங்கள் மாநிலம் கிட் ஒன்றுக்கு 337 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கொடுத்து வாங்குவதாக ட்விட்டரில் எழுதினார். தமிழக அரசு சீனக் கிட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்த விலை 600. இரண்டும் வெவ்வேறு கம்பெனிகளின் தயாரிப்பு. நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் ஓர் அமைச்சர் தன் மாநிலத்தின் கொள்முதல் விலையைப் பொதுவெளியில் போட்ட அந்த நிமிடமே மற்ற மாநிலங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. சென்னையில் எதிர்க்கட்சிகள் கேட்டன, பத்திரிகைகள் கேட்டன. மத்திய அரசின் நிறுவனம் நிர்ணயித்த விலைக்குத்தான் வாங்கினோம் என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது.

ஏப்ரல் 27 அன்று அந்தச் சீனக் கிட்டுகள் சரியான முடிவு தரவில்லை என்று ஐ.சி.எம்.ஆரே மாநிலங்களிடம் சொல்லி, பயன்பாட்டை நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொன்னது. முன்பணம் எதுவும் கொடுக்காததால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை என்ற மத்திய அரசின் விளக்கமும் அன்றே வந்தது. அந்த விளக்க அறிக்கையில் பலர் கவனிக்காமல் கடந்துபோன சில எண்கள் உண்டு. கிட்டுக்கு வந்த ஏலக் கேட்புகள் 1,204, 1,200, 844, 600 ரூபாய். குறைந்ததை ஏற்றோம் என்றது அறிக்கை. கூடவே இன்னொரு வரி: வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனையின் கிட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். ஒப்புக்கொண்ட கொள்முதல் விலை 740 முதல் 1,150 ரூபாய் வரை.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நாளில், தனியார் லேபில் ஆர்டி-பிசிஆர் எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்த உச்சவரம்பு 4,500 ரூபாய்.

கிட்டின் விலையே சோதனையின் விலை ஆகிவிடாது. லேபுக்கு வேறு செலவுகள் நிறைய உண்டு, அவற்றுக்கும் வருவோம். ஆனால் 1,150-க்கும் 4,500-க்கும் நடுவே இருக்கும் 3,350 ரூபாயில் எது எதற்கு என்று அன்றைக்கு யாரும் மக்களிடம் சொல்லவில்லை. 2020 மார்ச் 21 அன்று வந்த அறிவிக்கையில், முதல் கட்டச் சோதனைக்கு 1,500, உறுதிப்படுத்தும் சோதனைக்கு 3,000 என்று ஒரு பிரிப்பு மட்டும் இருந்தது. செலவுக் கணக்கு இல்லை. சோதனைக்கு இரண்டு விலைகள் உண்டு. நோயாளி கவுண்டரில் கட்டுவது ஒன்று. கவுண்டருக்குப் பின்னால் கிட்டுக்கும் குழாய்க்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு இன்னொன்று. பெருந்தொற்றில் அரசுகள் முதல் விலைக்கு மட்டும் மூடி போட்டன. இரண்டாவது விலை இருட்டிலேயே இருந்தது. அது வெளிச்சத்துக்கு வந்த இடங்களில்தான் முதல் விலை இறங்கியது. இன்றைய உரை இந்த ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறது.

4,500 ரூபாய் என்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு என்ன தொகை என்று விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமே அதை உணர்ந்தது. ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், ரவீந்திர பட் அமர்வு, தனியார் லேபுகளிலும் சோதனை இலவசமாக இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. செலவை யார் ஏற்பது என்பது உடனே கேள்வியானது. ஐந்தே நாளில், ஏப்ரல் 13 அன்று, அந்த உத்தரவு திருத்தப்பட்டது. ஆயுஷ்மான் பாரத் திட்டப் பயனாளிகளுக்கும் அரசு அறிவிக்கும் நலிந்த பிரிவினருக்கும் இலவசம். மற்றவர்கள் 4,500 வரை கட்டலாம்.

பிறகு உள்நாட்டிலேயே கிட் தயாராகத் தொடங்கியது. மே 25 அன்று ஐ.சி.எம்.ஆர். மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: கிட் வரத்து சீராகிவிட்டது, போட்டி வந்துவிட்டது, இனி 4,500 என்ற வரம்பு பொருந்தாது, லேபுகளுடன் பேசி நீங்களே விலை முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் மகாராஷ்டிரம் 2,200 என்றது. டெல்லி 2,400 என்றது. தமிழ்நாடு 3,000 என்றது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போருக்கு 2,500. அவ்வாண்டு டிசம்பருக்குள் ஒடிசா 400 ரூபாய்க்கு வந்துவிட்டது. டெல்லியில் 800, மகாராஷ்டிரத்தில் 700, கேரளத்தில் 2,100. ஒரே நாடு, ஒரே வைரஸ், ஒரே வகைக் கருவி, ஒரே மாதம். புவனேஸ்வரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே விலை ஐந்து மடங்கு.

நாடு முழுக்க 400 ரூபாய் என்று ஒரே விலை வேண்டும் என்ற பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அந்தச் சமயத்தில்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் 1,200-லிருந்து 900 ஆனது, காப்பீட்டு அட்டைக்கு 800-லிருந்து 550. 2022 ஜனவரியில், ஒமைக்ரான் அலையின்போது, 700-ம் 400-ம் ஆனது. வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தால் கூடுதலாக 300.

அரசு மருத்துவமனைகளிலும் காய்ச்சல் முகாம்களிலும் தமிழ்நாடு இலவசமாகவே சோதித்தது என்பதையும், விரைவாக முடிவு சொல்லும் ஆன்டிஜென் சோதனைப் பக்கம் போகாமல் ஆர்டி-பிசிஆரிலேயே நின்றது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அது பெரிய காரியம். தனியார் லேபுக்குப் போனவர்கள் வேறு வகை. பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ தனியார் மருத்துவமனையில் சேர, முதலில் ரிசல்ட் கொண்டு வா என்று சொல்லப்பட்டவர்கள். விமானம் ஏற வேண்டியவர்கள். வீட்டில் முதியவர் இருமிக்கொண்டிருக்க, முகாம் வரிசையில் நிற்க வைக்க மனம் வராதவர்கள். இவர்களில் யாருமே நாலு லேப் ஏறி இறங்கி விலை விசாரிக்கும் நிலையில் இல்லை.

இனி லேபின் உள்ளே போவோம். விலை ஏன் இவ்வளவு வேகமாக விழுந்தது, அது நியாயமா, கொள்ளையா என்று புரிந்துகொள்ள வேறு வழியில்லை.

மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரி, இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த ஒரு சின்னக் குழாயில் போகிறது. குழாய் பனிக்கட்டிப் பெட்டியில் லேபுக்கு வருகிறது. பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்து, கவச உடை போட்ட டெக்னீஷியன் வைரஸைச் செயலிழக்கச் செய்கிறார். அதன் பிறகு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க ஒரு கிட். பிசிஆருக்கு இன்னொரு கிட். இயந்திரத்துக்குள் போகும் தட்டில் 96 குழிகள். கட்டுப்பாட்டு மாதிரிகளுக்குச் சில குழிகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றில் நோயாளிகளின் மாதிரிகள். தட்டு நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் இயந்திரம் ஓடும் நேரம் ஒன்றுதான், டெக்னீஷியனின் ஷிப்டும் ஒன்றுதான். நாளொன்றுக்கு 20 மாதிரி வரும் லேபுக்கு ஒரு சோதனையின் அடக்கம் ஒரு தொகை. நாளொன்றுக்கு 2,000 மாதிரி வரும் லேபுக்கு அது வேறு தொகை. 2020 மார்ச்சில் கிட்டை வெளிநாட்டிலிருந்து கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது, லேபுகளுக்கு வரும் மாதிரிகளும் குறைவு. டிசம்பரில் கிட் உள்ளூரிலேயே குவிந்தது, தட்டுகள் நிரம்பி வழிந்தன. ஆகவே விலை இறங்கியதில் அதிசயம் இல்லை. அடக்கம் சரியும்போதெல்லாம் கவுண்டர் விலை கூடவே சரிந்ததா என்பதுதான் கேள்வி. சரிந்தது, ஆனால் மாதக்கணக்கில் பின்தங்கி, மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேகத்தில். லேப் உரிமையாளருக்கும் விநியோகஸ்தருக்கும் அன்றாடம் தெரிந்த கிட் விலை, விலை நிர்ணயிக்கும் அதிகாரிக்குத் தாமதமாகத் தெரிந்தது. நோயாளிக்குத் தெரியவே இல்லை.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறது, வரி உட்பட. மருத்துவச் சோதனைக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் பில்லில் இனங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கொரோனாக் காலத்து மருத்துவமனை பில்களில் கவச உடைக்குத் தனிக் கட்டணம், கிருமிநீக்கத்துக்குத் தனிக் கட்டணம். அரசு நிர்ணயித்த சோதனை விலையை மீற வேண்டிய தேவையே இல்லை. அதன் மேலும் கீழும் வேறு இனங்கள் முளைத்தன. வீட்டுக்கு வர 300 ரூபாய் என்றால், ஒரே வீட்டில் நாலு பேருக்கு ஒரே பையன் ஒரே தடவை வந்து மாதிரி எடுத்தால் 300-ஆ, 1,200-ஆ? ராத்திரிக்குள் ரிப்போர்ட் வேண்டுமென்றால் எவ்வளவு? ரிப்போர்ட்டில் பெயரோ பாஸ்போர்ட் எண்ணோ தப்பாக இருந்தால் திருத்தத் தனியாகப் பணமா? இவையெல்லாம் சில்லறை விஷயமாகத் தோன்றும். பணம் கட்டுபவருக்கு மொத்தத் தொகை என்பது இவற்றின் கூட்டல்தான்.

இந்த இடத்தில் மகாராஷ்டிரம் ஒரு நல்ல வேலை செய்தது. 2020 அக்டோபரில் அங்கே வந்த ஆணை, மாதிரி எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மூன்று விலை சொன்னது: சேகரிப்பு மையத்திலிருந்து வந்தால் 980, மருத்துவமனையிலோ தனிமை முகாமிலோ போய் எடுத்தால் 1,400, வீட்டில் எடுத்தால் 1,800. நெஞ்சு சி.டி. ஸ்கேனுக்கு அதற்கு முந்தைய மாதம் வந்த ஆணை இன்னும் நுணுக்கமானது. இயந்திரத்தின் திறனை வைத்து, 16 ஸ்லைஸுக்குக் கீழ் 2,000, 64 வரை 2,500, அதற்கு மேல் 3,000. கவச உடையும் கிருமிநீக்கமும் ரிப்போர்ட்டும் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றும், மையத்தின் முகப்பில் விலையை எழுதிப்போட வேண்டும் என்றும் சொன்னது. எது அடக்கம், எது அடக்கமில்லை என்று எழுதிவைத்த ஆணைக்கும், வெறுமனே ஓர் எண்ணைச் சொன்ன ஆணைக்கும் நோயாளியின் பையில் பெரிய வித்தியாசம் தெரியும்.

விலையை எழுதிப்போட்டால் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

2020 மார்ச் 27 அன்று அங்கே கேர்ஸ் சட்டம் வந்தது. கோவிட் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ரொக்க விலையை இணையதளத்தில் பகிரங்கமாகப் போட வேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. போடாவிட்டால் நாளொன்றுக்கு 300 டாலர் வரை அபராதம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் கூடவே இன்னொரு விதி இருந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் லேபுக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் இல்லையென்றால், லேப் இணையதளத்தில் போட்டிருக்கும் அந்த ரொக்க விலையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். விலைக்கு மேல்வரம்பு கிடையாது. ஆகவே விலைப் பட்டியல் என்பது சிலருக்கு நோயாளியிடம் சொல்லும் தகவலாக இல்லாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் ரசீதாக மாறியது. அவ்வாண்டு கோடையில் கைசர் குடும்ப அறக்கட்டளை ஒவ்வொரு மாநிலத்தின் பெரிய மருத்துவமனைகளின் இணையதளங்களைத் துழாவிப் பார்த்தது. சிலவற்றில் விலையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கிடைத்தவற்றில் ஒரு சோதனைக்கு 20 டாலர் முதல் 850 டாலர் வரை. நடு விலை 127 டாலர். அந்த நேரத்தில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் பெரிய லேபுகளின் சோதனைக்குக் கொடுத்தது 100 டாலர்.

டெக்சஸில் ஆஸ்டின் நகரத்தில் நடந்த ஒன்றை நியூயார்க் டைம்ஸ் 2020 ஜூனில் எழுதியது. இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் ஒரே அவசர சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டார்கள். ஒருவர் ரொக்கம் கட்டினார்: 199 டாலர். மற்றவர் காப்பீட்டு அட்டையைக் கொடுத்தார்: பில் 6,408 டாலர். காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசி 1,128 டாலருக்குக் குறைத்தது. அதிலும் 928 டாலர் அவர் தலையில் விழுந்தது. காப்பீடு வைத்திருந்தவர், இல்லாதவரைப் போலவே நடந்துகொண்டிருந்தால் 729 டாலர் மிச்சம். மையத்தின் ரொக்க விலை அவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விலைதான். ஆனால் அட்டையை நீட்டும்போது எந்தக் கதவு திறக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2023 மே 11 அன்று அமெரிக்காவில் பொதுச் சுகாதார நெருக்கடி முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, கோவிட் சோதனைக்கான இந்த விலை வெளியீட்டுக் கட்டாயமும் அதோடு முடிந்தது.

பிரிட்டனில் வேறு விதமான கோளாறு. 2021-இல் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பணம் கொடுத்துப் பிசிஆர் எடுக்க வேண்டும். அரசின் இணையதளமே நூற்றுக்கணக்கான கம்பெனிகளை விலையோடு பட்டியல் போட்டது. அரசு இணையதளம் என்பதால் மக்கள் நம்பினார்கள். பட்டியலில் 20 பவுண்டு என்று ஒரு பெயர் மேலே நிற்கும். கிளிக் செய்து உள்ளே போனால் அந்த விலைக்கு இடமே இல்லை, அல்லது அது ஏதோ ஒரு மூலையில் நேரில் போனால் மட்டும் கிடைக்கும் விலை; தபாலில் வருவது பல மடங்கு. ஆகஸ்டில் அரசு சோதித்துப் பார்த்து, பட்டியலில் ஒரு விலையும் சொந்தத் தளத்தில் அதைவிடக் கூடுதல் விலையும் வைத்திருந்த 82 கம்பெனிகளுக்கு எச்சரிக்கை கொடுத்தது. அப்படி ஒரு சோதனையே செய்யாத, அல்லது கம்பெனியே இல்லாத 57 பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்நாட்டுத் தேசியச் சுகாதாரச் சேவையின் சொந்தச் சோதனை விலையும் அம்மாதம் 88 பவுண்டிலிருந்து 68 ஆக இறக்கப்பட்டது. பட்டியலை யாரும் சரிபார்க்கவில்லை என்றால், பொய் சொல்பவர் மேலே ஏறுவார். உண்மையான விலை போட்டவர் கீழே தள்ளப்படுவார். அரசே பட்டியல் போடுவதாக இருந்தால், வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் போன் செய்து, இந்த விலைக்கு இன்று மாதிரி எடுப்பீர்களா என்று கேட்க வேண்டும். அந்த வேலைக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

பக்கத்து மாநிலத்தின் கதை இந்த இரண்டையும்விட நமக்கு நெருக்கமானது. 2021 ஏப்ரல் 30 அன்று, இரண்டாம் அலை உச்சத்தில், கேரள அரசு ஆர்டி-பிசிஆர் விலையை 1,700-லிருந்து ஒரே அடியாக 500 ஆக்கியது. சந்தையை ஆராய்ந்ததில் சோதனைக்கு ஆகும் செலவு சுமார் 240 ரூபாய்தான் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் சொன்னார். பல லேபுகள் சோதனையை நிறுத்தின. மறுத்தால் நடவடிக்கை என்றது அரசு. லேபுகள் உயர் நீதிமன்றம் போயின. முதலில் தடை கிடைக்கவில்லை. அக்டோபரில் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்து, லேபுகளையும் கேட்டுவிட்டு மறுபடி விலை முடிவு செய்யச் சொன்னது. இதில் யார் பக்கம் நியாயம்? மக்கள் நோக்கில் பார்த்தால் 1,700 அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 240 என்ற எண் எந்தக் கிட், எத்தனை மாதிரி நிறைந்த தட்டு, எவ்வளவு சம்பளம் என்ற கணக்கோடு ஆணை வரும் முன்பே மேஜையில் வைக்கப்பட்டிருந்தால், லேபுகள் வழக்காடியிருக்க வேண்டிய இடம் வேறாக இருந்திருக்கும். எண்ணோடு சண்டை போட்டிருப்பார்கள்; சோதனையை நிறுத்தியிருக்க முடியாது. சிறு ஊர் லேபுக்கு உண்மையிலேயே 500 கட்டுப்படாது என்றால், அதுவும் அந்தக் கணக்கில் தெரிந்திருக்கும். அரசு அந்த லேபுக்கு மட்டும் கிட்டைக் கொடுத்துக் கைதூக்கிவிட்டிருக்கலாம்.

கணக்கை முதலில் வெளியிடுவது நடக்காத காரியம் இல்லை. இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை வைத்தது: மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய். அதற்கு முந்தைய மாதமே, தயாரிப்பாளரிடமிருந்து விநியோகஸ்தர், அங்கிருந்து மருத்துவமனை, அங்கிருந்து நோயாளி என்று ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஏறுகிறது என்ற விவரத்தை ஆணையம் பொதுவில் வைத்துவிட்டது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அதன் பிறகு வந்த விலைக் குறைப்புக்கு எதிராகப் பேசுவது யாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

பெருந்தொற்றிலும் இது ஒருமுறை நடந்தது, ஆனால் 2021 ஜூனில், இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்தபோது. ஆக்சிஜன் செறிவூட்டிக்கு விநியோகஸ்தர் மட்டத்தில் மட்டும் 198 சதவீதம் வரை லாபம் ஏறுவதாக ஆணையம் திரட்டிய விவரம் காட்டியது. லாபத்தை 70 சதவீதத்துக்குள் அடைத்தார்கள். ஜூலையில் இதையே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஆகியவற்றுக்கும் நீட்டினார்கள். கம்பெனிகள் தங்கள் விலையைத் திருத்தி ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பிராண்டுகளின் விலை இறங்கியது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்காகக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு அது உதவவில்லை. பொருள் கிடைக்காமல் மக்கள் தவிக்கும் மாதத்தில்தான் லாபம் கொழுக்கிறது. கணக்கும் அந்த மாதத்தில்தான் வெளியே வர வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக டெண்டர் போட்டு வாங்குவதிலும், வாங்கிய விலையை மறைக்காமல் வைப்பதிலும் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகப் பேசப்படும் நிறுவனம். பல மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் கழகங்களைத் தொடங்கின. இந்த வழக்கத்தை நெருக்கடிக் காலத்துக்கு நீட்டினால் போதும். அரசு இந்த வாரம் ஒரு பிசிஆர் கிட்டை, ஆர்.என்.ஏ. பிரிப்புக் கிட்டை, மாதிரிக் குழாயை என்ன விலைக்கு, யாரிடம், எத்தனை வாங்கியது என்று ஒரு பக்கத்தில் தமிழில் வெளியிட வேண்டும். தனியார் லேபின் விலையை நிர்ணயிக்கும் அரசாணையில் அந்தக் கிட் விலையையும், கூலி, கவச உடை, போக்குவரத்து என்று மற்ற இனங்களுக்கு எடுத்துக்கொண்ட தொகையையும் இணைப்பாக வைக்க வேண்டும். ஆணையிலேயே மறுஆய்வுத் தேதியும் இருக்க வேண்டும், ஆறு வாரம் என்றோ எட்டு வாரம் என்றோ. கிட் விலை பாதியானது தெரிந்தும் கவுண்டர் விலை மாதக்கணக்கில் அப்படியே நிற்பதற்கு அப்போது காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு வந்துவிடும்.

கொள்முதல் விலையை வெளியே சொன்னால் விற்பவர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது, ஒதுக்கிவிட முடியாது. விற்பவர் இரண்டே பேராக இருக்கும் சந்தையில் அது நடக்கவும் கூடும். ஆனால் 2020 ஏப்ரலின் அனுபவம் எதிர்த் திசையில் இருக்கிறது. விலை தெரியாதபோது 600 கொடுக்க ஒப்புக்கொண்டோம்; சத்தீஸ்கரின் 337-ம் டெல்லி வழக்கின் 245-ம் தெரிந்த பிறகுதான் 400 ஆனது. வாங்குபவர்கள் பல மாநிலங்களாகப் பிரிந்து, பதறியபடி, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் வாங்கும்போது, அந்த இருட்டால் லாபம் அடைந்தவர்கள் இடைத்தரகர்கள்தான்.

நோயாளியின் பக்கம் செய்ய வேண்டியது இதைவிட எளிது. 2010-ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 2012-இல் வந்த விதிகள், ஒவ்வொரு சேவைக்குமான கட்டணத்தை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுதிவைக்கச் சொல்கின்றன. அந்தச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலேயே அது ஒழுங்காக நடப்பதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விலை நிர்ணயம் என்ற பகுதி பன்னிரண்டு ஆண்டுகளாக ஏட்டில் மட்டும் கிடப்பதைச் சுட்டிக்காட்டி மத்திய அரசைக் கடிந்துகொண்டது. தமிழ்நாட்டுக்கு 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இயங்கும் எந்த லேபும், குச்சியை உறையிலிருந்து எடுக்கும் முன் மொத்தத் தொகையை, வீட்டுக்கு வரும் செலவு, அவசர ரிப்போர்ட், அச்சுப் பிரதி எல்லாம் சேர்த்து, குறுஞ்செய்தியாக அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு விதி போடலாம். ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பத் தெரிந்த லேபுக்கு விலையை அனுப்பத் தெரியாதா?

அடுத்த பெருந்தொற்றுக்குக் காத்திருக்க வேண்டிய விஷயமும் இல்லை இது. ஒவ்வொரு மழைக்காலமும் டெங்கு வருகிறது. 2024 ஜூலையில் கர்நாடகத்தில் டெங்கு பரவியபோது, அம்மாநில அரசு தனியார் லேபுகளுக்கு மூன்று வரியில் விலை வைத்தது: என்.எஸ்.1 எலிசா 300 ரூபாய், ஐ.ஜி.எம். எலிசா 300 ரூபாய், ரேபிட் கார்டு 250 ரூபாய். எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று பெயர் சொல்லிப் பிரித்தது நல்ல தொடக்கம். மாதிரி எடுக்கும் கட்டணம் இதற்குள் அடங்குமா, கார்டை லேப் என்ன விலைக்கு வாங்குகிறது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து, வரும் அக்டோபருக்கு முன் சென்னையிலும் மதுரையிலும் அப்படி ஒரு பட்டியல் லேப் வாசல்களில் தொங்குவதற்கு மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஓர் ஆணை போதும்.